மருந்தில்லா மருந்தகம்: ஜோசப் கார்னெலின் பெட்டிச் சிற்பங்கள்

சிற்பம் என்றதும் கல்லும் உளியும், மெழுகும் வெண்கலமும் நினைவுக்கு வருதல் இயல்பு. கல்லைச் செதுக்கியோ, களிமண்ணைப் பிசைந்தோ, உலோகத்தை உருக்கி வார்த்தோ செய்யப்படுவதே சிற்பம் என்பது நெடுங்காலக் கொள்கை. இருபதாம் நூற்றாண்டில் அக்கொள்கை நெகிழ்ந்தது. முன்பே உள்ள பொருள்களைத் தேடியெடுத்து, அவற்றை ஓர் ஒழுங்கில் சேர்த்து வைப்பதும் சிற்பமே என்னும் கருத்து வேரூன்றியது. அவ்வாறு சேர்த்து வைத்தவர்களுள் தலையாயவராக மதிக்கப்படுபவர் அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னெல் (1903–1972). அவர் உளி பிடித்தவர் அல்லர். ஓவியப் பள்ளியில் பயின்றவரும் அல்லர். பழம்பொருள்களைத் திரட்டுவது அவருடைய வாழ்நாள் வேட்கை. திரட்டியவற்றைக் கண்ணாடி முகப்புடைய சிறு மரப்பெட்டிகளுக்குள் அமைத்தது அவருடைய கலை.

அப்பெட்டிகளுள் ‘மருந்தகம்’ என்னும் பெயர் பெற்றவை ஒரு தனி வரிசையாக விளங்குகின்றன. பழங்கால மருந்து வணிகர் தம் கடையில் வைத்திருந்த சீசா அலமாரியின் சிற்றுருவம் போன்றவை அவை. 1940ஆம் ஆண்டுகளில் கார்னெல் இவ்வடிவத்தை ஒருமுறையன்றிப் பலமுறை செய்தார். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. நோயை மருந்து தீர்ப்பதில்லை, வழிபாடே தீர்க்கும் என்று கொள்ளும் சமயப் பிரிவு ஒன்றில் உறுதியான பற்றுடையவர் அவர். மருந்தை நம்பாத ஒருவர் மருந்தகத்தை ஏன் மீண்டும் மீண்டும் செய்தார்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரட்டியவரின் வாழ்க்கை

கார்னெல் 1903 டிசம்பர் 24ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் நையாக் என்னும் ஊரில் பிறந்தார். அவருக்குத் தங்கையர் இருவர், தம்பி ஒருவர். 1910இல் பிறந்த தம்பி இராபர்ட் பெருமூளைவாதத்தால் தாக்குண்டு, சக்கர நாற்காலியிலேயே வாழ்நாளைக் கழிக்க நேர்ந்தது. தந்தை 1917இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். குடும்பப் பொறுப்பு மூத்த மகனின் தோளில் ஏறியது. 1921இல் பள்ளிப் படிப்பை முற்றுப்பெறாமலே விட்டுத் துணி வணிக நிறுவனம் ஒன்றில் விற்பனையாளரானார். 1929இல் குடும்பம் நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், யுடோபியா பார்க்வே என்னும் சாலையில் இருந்த எளிய மரவீடு ஒன்றில் குடியேறியது. ‘யுடோபியா’ என்பது எங்கும் இல்லாத இன்ப நாட்டைக் குறிக்கும் சொல். தாயோடும் தம்பியோடும் அவ்வீட்டிலேயே அவர் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அமெரிக்காவை விட்டு வெளியே ஒருமுறையேனும் சென்றதில்லை. 1972 டிசம்பர் 29ஆம் நாள் மறைந்தார்.

துணி விற்பதற்காக நகரெங்கும் நடந்த நாள்களில்தான் திரட்டும் பழக்கம் வளர்ந்தது. பழைய புத்தகக் கடைகளிலும் மலிவுச் சரக்குக் கடைகளிலும் அவர் தேடாத மூலையில்லை. பழம்படங்கள், நிலப்படங்கள், கிளிஞ்சல்கள், மணிகள், புகைக்குழாய்கள், பொம்மைகள் என அவர் வாங்கியவை பெருமதிப்புடையவை அல்ல; பிறர் கழித்தவை. 1931இல் நியூயார்க்கின் ஜூலியன் லெவி காட்சிக்கூடத்தில் மாக்ஸ் எர்ன்ஸ்டின் ஒட்டுப்படங்களைக் கண்டு தாமும் அவ்வகை முயற்சியில் இறங்கினார். மறு ஆண்டே அவருடைய படைப்புகள் அதே கூடத்தில் இடம்பெற்றன. பின்னர் அண்டை வீட்டார் ஒருவரிடம் தச்சுவேலை கற்றுத் தாமே பெட்டி செய்யத் தொடங்கினார். 1936இல் செய்த ‘சோப்புக் குமிழித் தொகுதி’ அவரை அறிமுகப்படுத்தியது.

தாயும் தம்பியும் உறங்கிய பின்னர் அடுக்களை மேசையே அவருக்குப் பட்டறை. புதுப்பெட்டிக்குப் பழமை தோன்ற வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசி, அடுப்பில் வைத்துச் சூடேற்றி வெடிப்புறச் செய்வார். உணவு சமைத்த அதே இடத்தில் சிற்பம் வெந்தது. பிற்காலத்தில் வீட்டின் நிலவறை பட்டறையாயிற்று. திரட்டிய பொருள்கள் அங்கே பெயரெழுதிய பெட்டிகளில் வகை வகையாக அடுக்கப்பட்டிருந்தன. மருந்தகத்தைச் சிற்பமாகச் செய்தவர் தம் பட்டறையையும் மருந்தகம் போலவே வைத்திருந்தார் எனலாம்.

பெட்டியின் அமைப்பு

மருந்துக்குரிய பொருள்களில் கார்னெலின் கருத்து தொடக்கத்திலேயே சென்றது. 1930களின் முற்பகுதியில் பழைய மாத்திரை டப்பிகளை எடுத்து அவற்றுள் நுண்பொருள்களை இட்டுச் சிறு படைப்புகள் செய்தார். 1940இல் பழங்கால நடனமங்கை ஒருத்தியின் பெயரால் அமைத்த பேழையில், மூடியிட்ட சீசாக்களில் மணலும் கோதுமை மணிகளும் முத்துகளும் இடம்பெற்றன. இம்முயற்சிகளின் முதிர்ச்சியே மருந்தக வரிசை.

வெனிஸ் நகரின் பெகி குகன்ஹெய்ம் கலைத்தொகுப்பில் உள்ள, ஏறத்தாழ 1942இல் செய்யப்பட்ட பெட்டியைச் சான்றாகக் கொள்ளலாம். உயரத்திலும் அகலத்திலும் ஓரடியளவே உடையது அது. உள்ளே தட்டுகளில் சிறு கண்ணாடிச் சீசாக்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் இருப்பவை பொடியோ குளிகையோ தைலமோ அல்ல. வண்ண மணல், பறவை இறகு, காகிதத்தில் வெட்டிய வண்ணத்துப்பூச்சிச் சிறகு, உலர்ந்த இலை, கிளிஞ்சல், மரத்தூள், செப்புக் கம்பி, பழக்கொட்டை, நிலப்படத் துண்டு, தண்ணீர் ஆகியவையே அங்குள்ள சரக்குகள். இவ்வரிசையைச் சேர்ந்த சில பெட்டிகளில் சீசாக்களுக்குப் பின்னே நிலைக்கண்ணாடியும் பதிக்கப்பட்டுள்ளது.

இவ்வமைப்பில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை.

முதலாவது, சமன்மை. சிறகுக்கும் ஒரு சீசா. மரத்தூளுக்கும் ஒரு சீசா. விலைமதிப்புடையதென்றும் இழிந்ததென்றும் அங்கே வேறுபாடு இல்லை. உண்மையான மருந்துக் கடையிலும் இதே முறைதான் நிலவும். அரிய வேரும் எளிய உப்பும் ஒரே வடிவான கலங்களில் அருகருகே நிற்கும். அவற்றை வேறுபடுத்துவது பயன் ஒன்றே. கார்னெல் பயனை நீக்கிவிட்டு ஒழுங்கை மட்டும் நிறுத்திக்கொண்டார். பயன் நீங்கிய பின்னரும் ஒழுங்குக்கு ஒரு பொருள் உண்டா என்பதே பெட்டி எழுப்பும் கேள்வி.

இரண்டாவது, மூடல். சீசாவும் மூடியது, பெட்டியும் கண்ணாடியால் மூடியது. மூடிய மருந்துக் கலம் ஒரு வாக்குறுதி. உரிய நோயாளி வரும்போது அது திறக்கப்படும் என்பது பொருள். காண்பவர் உள்ளத்தில் உடனே ஒரு வினா எழுகிறது. சிறகு எந்த நோய்க்கு? நிலப்படத் துண்டு யாருக்கு? வீட்டை விட்டுச் செல்ல இயலாதவருக்கு நிலப்படமும், கடற்கரை காணாதவருக்குக் கிளிஞ்சலும் மருந்தாகலாம் அன்றோ? சக்கர நாற்காலியில் சன்னலோரம் அமர்ந்திருந்த தம்பியை நினைப்போர்க்கு இவ்விடை பொருந்தித் தோன்றும். எனினும், இது பெட்டியின் ஒரு பொருளேயன்றி முழுப் பொருளாகாது. அறியாத எந்த நோயாளிக்கும் அக்கலம் காத்திருக்கிறது.

மூன்றாவது, பிரதிபலிப்பு. நிலைக்கண்ணாடி பதித்த பெட்டியின் முன் நிற்பவர் சீசாக்களுக்கிடையே தம் முகத்தையே காண்பர். மருந்து தேடி வந்தவர் யார் என்பதைப் பெட்டி சொல்லாமற் சொல்லிவிடுகிறது. நம் இலக்கணத்தார் கூறும் உள்ளுறையின் இயல்பை இங்கே நினைவுகூரலாம். பொருள் வெளிப்படக் கூறப்படாது. பொருள்களின் அடுக்கிலிருந்து அதனை உய்த்துணர வேண்டும்.

இவ்விடத்தில் மற்றொரு கலைஞரின் பெயரும் குறிக்கத்தக்கது. மார்செல் துஷாம்ப் 1914இல், கடையில் வாங்கிய குளிர்கால நிலக்காட்சிப் படம் ஒன்றில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு புள்ளிகள் இட்டு, அதற்கு ‘மருந்தகம்’ என்று பெயரிட்டார். மருந்துக் கடைச் சன்னலில் வைக்கப்படும் வண்ணநீர்க் கலங்களை அப்புள்ளிகள் நினைவூட்டின. 1942இல் துஷாம்ப் தம் படைப்புகளின் சிற்றுருவங்களைப் பெட்டிகளில் தொகுத்தபோது கார்னெல் அவருக்குத் துணைபுரிந்தார். இருவரும் ஒரே பெயரைக் கையாண்டனர், நோக்கம் வேறு. துஷாம்பின் மருந்தகம் அறிவு விளையாட்டு. இரண்டு புள்ளிகளோடு முடிந்துவிடும். கார்னெலின் மருந்தகம் பொறுமையின் விளைவு. ஒவ்வொரு சீசாவும் கழுவப்பட்டு, நிரப்பப்பட்டு, மூடப்பட்டு, தன் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

நம்பிக்கையும் முரணும்

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வரலாம். இளமையில் வயிற்று நோயால் வருந்திய கார்னெல், 1925 அளவில் ‘கிறிஸ்தவ விஞ்ஞானம்’ என்னும் பிரிவைத் தழுவினார். மேரி பேக்கர் எடி என்னும் அம்மையார் 1879இல் பாஸ்டன் நகரில் நிறுவிய திருச்சபை அது. நோய் என்பது உள்ளத்தின் மயக்கம், அதனை நீக்குவது வழிபாடு என்பது அதன் அடிப்படை. கார்னெல் இறுதிவரை அப்பற்றில் வழுவவில்லை.

ஒருபுறம், மருந்து பயனற்றது என்னும் நம்பிக்கை. மறுபுறம், எந்த மருந்தும் எந்த வழிபாடும் எழுப்பி நடக்கச் செய்யாத தம்பி நாள்தோறும் கண்முன்னே. இவ்விரண்டுக்கும் இடையே நின்றவர் செய்தது மருந்தை நீக்கிய மருந்தகம். நம்பிக்கையின் கட்டளைப்படி மருந்து வெளியேறிவிட்டது. ஆனால், மருந்தை அளந்து, பெயரிட்டு, உரிய இடத்தில் வைத்து, உரிய வேளைக்குக் காத்திருக்கும் கவனம் வெளியேறவில்லை. அதைக் கைவிட அவரால் இயலவில்லை. முரண்பாட்டைத் தீர்த்துவைக்கும் பெட்டி அன்று அது. முரண்பாட்டை ஓரடி அகலத்துக்குள் அமைதியாக இருக்கச் செய்த பெட்டி.

இந்நிலையைத் தமிழ் மாணவர் எளிதில் உணர வள்ளுவம் துணைசெய்யும். ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தில் வள்ளுவர் தனி மருந்து ஒன்றன் பெயரையும் குறிக்கவில்லை. உணவின் அளவையும், பசியின் இயல்பையும், நோயின் மூலத்தை ஆராய வேண்டிய கடமையையும் பேசுகிறார். அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிலிருந்து பணிசெய்யும் ‘உழைச்செல்வான்’ நான்காவதாக நிற்கிறான். உடனிருப்பவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே கொண்டது அப்பகுப்பு.

கார்னெலின் பெட்டிகளை இப்பகுப்பைக் கொண்டு அளந்தால் வினாவுக்கு விடை கிடைக்கும். தீர்ப்பவன் அங்கே இல்லை. மருந்தும் இல்லை. நோயுற்றவன் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறான். பெட்டிக்குள் எஞ்சியிருப்பது உழைச்செல்வானின் கைவேலை ஒன்றே. நோயைத் தீர்க்க வல்லவர் அல்லர் எனினும் நோயாளியை விட்டு நீங்காதவரின் கலை அது. வீட்டில் நோயாளி ஒருவரைப் பேணியவர்கள் அறிவார்கள்: படுக்கையருகே உள்ள மேசையைத் துடைத்து, குப்பிகளை நேராக்கி வைப்பது மருத்துவம் ஆகாது, ஆயினும் அதைச் செய்யாமல் இருக்க முடியாது.

ஓர் ஒப்பீடு

மருந்து அலமாரியைச் சிற்பமாக்கிய மற்றொருவர் ஆங்கிலக் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட். இவரும் திரட்டுநர், தம் கலைத்தொகுப்பைக் காட்சிப்படுத்த 2015இல் இலண்டனில் தனிக் கூடமே திறந்தவர். 1988இல், மாணவராக இருந்தபோது, மருந்து அலமாரிகளைப் படைக்கத் தொடங்கினார். முதல் அலமாரியின் பெயர் ‘பாவி’. அதனை நிறைத்தவை, இறக்கும் தறுவாயில் இருந்த பாட்டியிடம் கேட்டுப் பெற்ற அவருடைய மருந்துகள். பின்வந்த அலமாரிகளில் தலை நோய்க்குரியன மேல்தட்டிலும் கால் நோய்க்குரியன கீழ்த்தட்டிலுமாக, மருந்து உறைகளை மனித உடலின் வரிசையிலேயே வைத்தார். 1992இல் ‘மருந்தகம்’ என்னும் பெயரில் ஓர் அறை முழுவதையுமே மருந்துக் கடையாக அமைத்தார். பழைய மருந்துக் கடைகளை நினைவூட்டும் நான்கு வண்ணநீர்க் கலங்கள் நிலம், நீர், தீ, காற்று என்னும் பூதங்களுக்கு அறிகுறியாக அங்கே வைக்கப்பட்டன. தேனடைக் கிண்ணங்களும், தேனை நாடிவரும் பூச்சிகளைக் கொல்லும் மின்கருவியும் அவ்வறையில் உண்டு.

ஹர்ஸ்டின் கருத்து கூர்மையானது. முன்னோர் கோயிலில் வைத்த நம்பிக்கையை இக்காலத்தவர் மாத்திரையில் வைக்கின்றனர். மாத்திரையும் சாவைத் தடுக்காது என்பதே அது. அக்கருத்தைச் சொல்ல அவருக்கு உண்மை மருந்தின் உறையே போதுமானதாயிற்று. உறை உண்டு, நோயாளி இல்லை. ‘பாவி’ ஒன்றே விதிவிலக்கு. அங்கே ஒரு பாட்டியின் கடைசி நாள்கள் தட்டுகளில் அடுக்கப்பட்டுள்ளன. பேரன் உடனிருந்தான் என்பதற்கு அவை சான்று. ஆதலின் அவ்வரிசையில் நெஞ்சைத் தொடுவது அதுவே. நாளடைவில் அலமாரிகள் பெருத்தன, உள்ளம் குளிர்ந்தது. கையால் செய்து வண்ணந்தீட்டிய 6,136 மாத்திரை உருவங்கள் கொண்ட அலமாரி ஒன்று 2007இல் இலண்டன் ஏலத்தில் 96 இலட்சம் பவுனுக்கும் மேல் விலைபோயிற்று. அதன் முன் நிற்பவர் எண்ணிக்கையை வியப்பர். யாருக்காக என்று கேட்கத் தோன்றாது.

கார்னெல் மருந்தை நீக்கி மனிதனை இருத்தினார். ஹர்ஸ்ட் மருந்தை இருத்தி மனிதனை நீக்கினார். இருவரும் ஒரே பழம்பொருளிலிருந்து தொடங்கினர். பழம்பொருளின் வடிவத்தைப் பின்பற்றுவது எளிது. அப்பொருளை ஒருகாலத்தில் யார் யாருக்காகக் கையாண்டார் என்பதை மறவாதிருப்பது அரிது.

எழக்கூடிய மறுப்புகள்

கார்னெலின் கலையைக் குறைகூறுவோரும் உளர். அவர்களின் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

இப்பெட்டிகள் பழமையின்மேல் கொண்ட ஏக்கமே என்பது முதல் மறுப்பு. நடனமங்கையர்க்கும் திரைத்தாரகையர்க்கும் கார்னெல் படைத்த பேழைகள் சிலவற்றில் இனிமை மிகுந்து திகட்டுவதுண்டு. நீல நிறமும் மின்னும் மணியும் அளவு கடந்துவிடும். மருந்தக வரிசை இக்குற்றத்துக்கு ஆளாகாமைக்குக் காரணம், எடுத்துக்கொண்ட வடிவத்தின் கண்டிப்பு. மருந்து அலமாரி அலங்காரத்தை ஏற்காது. எண்ணிக்கையும் வரிசையும் வேண்டும். கலைஞரின் மென்மைக்கு அக்கண்டிப்பே அணையாயிற்று.

துன்பத்தை இப்பெட்டிகள் மறைக்கின்றன என்பது இரண்டாவது மறுப்பு. உலகப் போர் மூண்டு மருத்துவமனைகள் நிரம்பிவழிந்த 1942ஆம் ஆண்டில் சிறகையும் மணலையும் சீசாவில் இட்டுவைப்பது தப்பித்தல் ஆகாதா என்று கேட்கலாம். இம்மறுப்பு வலிமையுடையது, முற்றும் தள்ளத்தக்கதன்று. பெட்டிக்குள் இரத்தம் இல்லை, வலியின் முனகல் இல்லை. ஆயினும், துன்பத்தைக் காட்டுவது ஒன்றே துன்பத்தை மதிக்கும் வழி ஆகாது. நோயாளியின் அறையில் நோயைப் பற்றியே பேசுபவரைக் காட்டிலும், சன்னலைத் திறந்து வெளியே நிற்கும் பறவையைக் காட்டுபவர் சிலவேளை பெரிய துணையாவார். தப்பித்தலுக்கும் ஆறுதலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: தப்பித்தவர் நோயாளியின் அறையில் இரார். கார்னெல் தம்பியின் இறுதிநாள்வரை அவ்வீட்டிலேயே இருந்தார்.

படைப்பாளியின் வாழ்வைக் கொண்டு படைப்பை அளக்கலாகாது என்பது மூன்றாவது மறுப்பு. திறனாய்வு மாணவர் நன்கு போற்ற வேண்டிய எச்சரிக்கை இது. இராபர்ட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவரும் பெட்டியின் முன் நின்றால், அடுக்கப்பட்ட சீசாக்களின் கவனத்தையும் மூடிகளின் காத்திருப்பையும் உணர முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உணர முடிகிறது. வாழ்க்கை வரலாறு அவ்வுணர்வுக்குப் பெயர் சூட்டுகிறதேயன்றி அதனைப் படைத்துத் தரவில்லை.

நிறைவுரை

இராபர்ட் 1965 பிப்ரவரியில் இறந்தார். எலிகளையும் முயல்களையும் கோட்டோவியங்களாக வரைந்து மகிழ்ந்தவர் அவர். தமையன் அவ்வோவியங்களைத் திரட்டி, அவற்றைக் கொண்டு ஒட்டுப்படங்கள் செய்தார். 1966 சனவரியில் நியூயார்க்கில் நடந்த நினைவுக் காட்சியில் அவை வைக்கப்பட்டன. அது இராபர்ட்டின் பெயரிலேயே நடந்தது. ஊரெங்கும் பிறர் கழித்தவற்றைத் திரட்டியவரின் கையில் இறுதியாக வந்து சேர்ந்த அரும்பொருள் தம்பியின் முயல்.

1972இல், கார்னெல் மறைந்த அதே ஆண்டில், கூப்பர் யூனியன் கல்விக்கூடத்தில் அவருடைய பெட்டிகள் சிறுவர்களுக்கெனக் காட்சிக்கு வைக்கப்பட்டன. வந்த பிள்ளைகளுக்கு இனிப்புப் பண்டமும் குளிர்பானமும் வழங்கப்பட்டன. பெட்டிகள் வழக்கமான உயரத்தில் மாட்டப்படவில்லை. பிள்ளைகளின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தி வைக்கப்பட்டன. நின்று பார்க்கும் பெரியவர் அன்று குனிய வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து பார்ப்பவருக்கு அதுவே நேர்ப்பார்வை.